நல்லுறவு என்னும் அளவுகோல்

ஐக்கிய அமெரிக்காவில் வெள்ளையருக்கும் கறுப்பு மக்களுக்கும் இடையிலான உறவு சீர்ப்பட்டு வருகிறதா என்னும் கேள்வி ஓயாது கேட்கப்படுகிறது. கேட்போரிற் பலர் விடையையும் கையிலே கொண்டுதான் வருகின்றனர். ஒரு காலத்திற் சந்தையில் நிறுத்தி விற்கப்பட்ட மக்களின் நிறத்தவர் ஒருவர் 2008இல் அந்நாட்டின் ஜனாதிபதியாகத் தெரிவானார். 2012இல் மீண்டும் தெரிவானார். இதற்கு மேலும் சான்று வேண்டுமா, காலம் எல்லாப் புண்ணையும் ஆற்றும், பொறுத்திருங்கள் என்பது அவர்கள் வாதம். ஆசிரியர் ஓய்வறைகளிலும் மாணவர் விவாத மேடைகளிலும் இவ்வாதத்தை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். நல்ல மனம் படைத்த நண்பர்களே இதனைக் கூறுகின்றனராதலால், ஒரு வசைச்சொல்லாற் தள்ளிவிட்டுப் போக நாம் விரும்பவில்லை. ஆயினும் இது பிழையான வாதம். அதுமட்டுமன்று, தீங்கு விளைவித்த வாதமும் ஆகும்.

முதலில் 'உறவு' என்னும் சொல்லை நோக்குவோம். தமிழில் அது இனிய சொல். கொண்டும் கொடுத்தும் வாழ்வோரையே உறவினர் என்கிறோம். ஆகவே, உறவு சீர்ப்படுகிறது என்றதும், பிணங்கியிருந்த இரு அயல்வீட்டார் வேலிக்கு மேலாகச் சிரித்துப் பேசத் தொடங்கிய காட்சியே நம் கண்முன் தோன்றுகிறது. அமெரிக்காவின் விடயத்தில் இக்காட்சி முற்றிலும் பொய். அங்கே நிகழ்ந்தது அயல்வீட்டார் பிணக்கன்று. ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் ஒரு சாரார் மறு சாராரை மாடுகன்றுகளைப் போல உடைமைகொண்டிருந்தனர். அந்நாளிலே தோட்ட உடைமையாளரைக் கேட்டிருந்தால், தம் அடிமைகளோடு தமக்கு நல்லுறவு உண்டென்றே கூறியிருப்பர். பலர் அவ்வாறே எழுதியும் வைத்தனர். 1950களிலும் தென்மாநில அதிகாரிகள் இதையே கூறினர். எங்கள் கறுப்பு மக்கள் எங்களோடு மனநிறைவாகவே வாழ்கின்றனர், வெளியேயிருந்து வரும் கிளர்ச்சிக்காரரே உறவைக் கெடுக்கின்றனர் என்பது அவர்கள் அன்றாடப் பேச்சு. மிதிப்பவனுக்கும் மிதிபடுபவனுக்கும் இடையே, மிதிபடுபவன் வாய் திறவாத வரையும் உறவு நன்றாகத்தான் இருக்கும்.

இது வெறும் சொற்சிலம்பமன்று. கேலப் என்னும் கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் பழைய கணக்குகளைப் புரட்டிப் பார்ப்போர் இதன் உண்மையை உணர்வர். 1963ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகரிலே பாடசாலைப் பிள்ளைகள் மீது பொலிஸ் நாய்கள் ஏவப்பட்டதும், தீயணைப்புக் குழாய்களின் நீர் பாய்ச்சப்பட்டதும் அவ்வாண்டு மே மாதத்தில். அதே நகரின் தேவாலயம் ஒன்றில் வைக்கப்பட்ட குண்டு நான்கு சிறுமியரைக் கொன்றது அவ்வாண்டு செப்டெம்பரில். அதே 1963இல், தங்கள் பகுதியிற் கறுப்பு மக்கள் சமமாகவே நடத்தப்படுகின்றனர் என வெள்ளையரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கேலப்பிடம் கூறினர். அவர்கள் எல்லோரும் பொய்யர் அல்லர். அவர்களுக்கு அவ்வாறே தோன்றிற்று. மார்ட்டின் லூதர் கிங்கை 1966இல் நூற்றுக்கு 63 பேர் வெறுப்போடு நோக்கினர். இறந்து நாற்பதாண்டுகளுக்குப் பின், 2011இல், நூற்றுக்கு 94 பேர் அவரைப் போற்றினர். இறந்த கிளர்ச்சிக்காரரை எல்லோருக்கும் பிடிக்கும்.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் 2013 வரையும் இவ்விரு மக்களின் உறவு நன்றாக இருக்கிறதென்றே அமெரிக்கரிற் பெரும்பான்மையோர் கூறிவந்தனர். 2021இல் அவ்வாறு கூறியோர் நூற்றுக்கு 42 பேரே. இடையில் நிகழ்ந்தது யாது? 2013க்குப் பின்னர்தான் பொலிசார் கறுப்பரைக் கொல்லத் தொடங்கினரா? இல்லை. கொலைகள் முன்னரும் நிகழ்ந்தன. கைப்பேசியின் ஒளிப்படக் கருவி அவற்றை எல்லோர் கண்முன்னும் கொண்டுவந்தது. மக்கள் வீதிக்கு வந்தனர். 2014இல் மிசூரி மாநிலத்தின் பெர்குசன் நகர் கொதித்தெழுந்தபோது, அமைதியான ஊர் ஒன்று திடீரெனக் கெட்டுவிட்டதாகப் பலர் அங்கலாய்த்தனர். அடுத்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட அறிக்கை அந்த 'அமைதி' எத்தகையதென்று காட்டிற்று. நகர மக்களிற் கறுப்பர் நூற்றுக்கு 67 பேர். வீதியில் வாகனம் மறிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 85 பேர். கைதானோரில் நூற்றுக்கு 93 பேர். நகரசபையின் வருமானத்தைப் பெருக்கவே பொலிசும் நீதிமன்றமும் தண்டப்பணம் அறவிட்டுக்கொண்டிருந்தன. நகரத்தின் வரவுசெலவுக் கணக்கு ஏழைக் கறுப்பரின் சட்டைப்பையிலே தங்கியிருந்தது என்க. இதுவும் ஓர் உறவுதான். 2020 மே 25இல் மினியாபொலிஸ் நகர வீதியில் ஜோர்ஜ் புளொய்டின் கழுத்தை ஒரு பொலிஸ்காரரின் முழங்கால் நெரித்ததைக் கண்டபின் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். நல்லுறவை அளக்கும் கருவி உடனே கீழிறங்கிற்று. அக்கருவி அளப்பது நீதியை அன்று, ஓசையின்மையை.

இவ்விடத்து நண்பர்கள் ஒரு எண்ணைத் தூக்கிப் பிடிப்பர். கறுப்பரும் வெள்ளையரும் மணம்புரிவதை 1958இல் ஏற்றோர் நூற்றுக்கு 4 பேர். 2021இல் 94 பேர். இதனை அற்பமென்று தள்ளுவோர் அல்லர் நாம். மனிதர் மனம் மாறியிருக்கிறது, அது மகிழத்தக்கது. ஆனால் எது முந்தியது, எது பிந்தியது என்று பாருங்கள். அத்தகைய மணத்தைத் தடுக்கும் சட்டங்கள் 1967இல் பதினாறு மாநிலங்களில் இருந்தன. அவை செல்லா என்று உயர் நீதிமன்றம் அவ்வாண்டு தீர்ப்பளித்தது. மறு ஆண்டிலும் அதனை ஏற்றோர் நூற்றுக்கு 20 பேர்தான். பெரும்பான்மையோர் மனம் இசைய மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. மனம் மாறும், பின்னர் சட்டம் மாறும் என்று காத்திருந்தால் 1990கள் வரையும் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

காலம் ஆற்றும் என்போருக்கு ஒரு பாடசாலையின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். நம் வாசகரிற் பெரும்பாலோர் கற்பிப்போரும் கற்போருமாதலால் இதனைச் சற்று விரித்தே கூறுவோம்.

வேர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வேட் என்றொரு மாவட்டம். அங்கே கறுப்புப் பிள்ளைகளுக்கென 1939இல் கட்டப்பட்ட மோட்டன் உயர்பாடசாலை 180 பிள்ளைகளுக்கு மட்டுமே போதுமானது. 1951இல் அங்கே 450க்கு மேற்பட்டோர் படித்தனர். இடம் போதாமையால் பலகைச் சட்டத்தில் தார்த்தாள் ஒட்டிய கொட்டில்களை மாவட்டக் கல்விச் சபை போட்டுக் கொடுத்தது. மழை பெய்தால் ஒழுகும்; குளிர் காலத்தில் அடுப்புக்கு அருகே இருப்போர் வெந்து போவர், தூர இருப்போர் விறைத்துப் போவர். பெற்றோர் மனு மேல் மனுவாகக் கொடுத்தனர். காலம் ஆற்றும் என்ற விடையே கிடைத்தது.

பதினாறு வயது மாணவி ஒருத்தி, பார்பரா ஜோன்ஸ் என்பவள், காலத்தை நம்பவில்லை. 1951 ஏப்ரல் 23ஆம் நாள், மாணவர் சிலர் நகரில் அகப்பட்டுக்கொண்டனர் எனத் தொலைபேசியில் பொய்ச்செய்தி அனுப்பி அதிபரை வெளியே போகச் செய்தனர் அவளும் தோழரும். (ஒழுக்கக் கோவையைக் கையிலேந்திய நம் அதிபர்கள் சிலர் இவ்விடத்தில் முகஞ்சுளிக்கக்கூடும், அவர்களுடைய மன்னிப்பைக் கோருகிறோம்.) மாணவர் அனைவரையும் மண்டபத்திற் கூட்டி, அவள் எழுந்து பேசினாள். பிள்ளைகள் வெளிநடப்புச் செய்தனர். வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது. அவர்கள் கேட்டது நல்லதொரு கட்டடமே. உதவிக்கு வந்த கறுப்பு வழக்கறிஞர் இருவரோ, நிறப்பிரிவினையையே எதிர்த்து வழக்கிடுவதானால் வருகிறோம் என்றனர். பிள்ளைகள் சம்மதித்தனர். அவ்வழக்கு வேறு நான்கு வழக்குகளோடு சேர்ந்தே 1954 மே 17ஆம் நாள் உயர் நீதிமன்றத்தின் புகழ்பெற்ற தீர்ப்பாயிற்று. பாடசாலைகளில் நிறப்பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என அத்தீர்ப்பு கூறிற்று. பார்பரா ஜோன்ஸின் உயிருக்கு அஞ்சிய பெற்றோர் அவளை அலபாமாவிலிருந்த மாமனிடம் அனுப்பிவைத்திருந்தனர்.

தீர்ப்பு வெளிவந்த ஒரு மணிநேரத்துள் அமெரிக்க அரசின் வானொலி அதனை 34 மொழிகளிற் பரப்பிற்று. இந்த அவசரம் ஏன்? தீர்ப்புக்குப் பதினைந்து நாட்களின் முன்னர்தான் கொழும்பிலே ஐந்து ஆசிய நாடுகளின் பிரதமர்கள் கூடிக் கலைந்திருந்தனர். மறு ஆண்டு பாண்டுங் மாநாட்டுக்கு வித்திட்ட கூட்டம் அது. ஆசியாவும் ஆபிரிக்காவும் விழித்தெழுந்த அந்நாளில், நிறப்பிரிவினை தம் வெளிநாட்டுக் கொள்கைக்கு இடையூறு என அமெரிக்க அரசே 1952இல் அந்நீதிமன்றத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்திருந்தது. வெள்ளை மாளிகையின் மனம் இளகியதைக் காட்டிலும், உலகின் கறுத்த, பழுப்பு நிற மக்கள் நிமிர்ந்து நின்றமை அத்தீர்ப்புக்கு உதவிற்று என்பதை நாம் மறத்தல் ஆகாது.

தீர்ப்புக்குப் பின் நடந்தது என்ன? தென்மாநிலங்களில் 1963–64ஆம் பாடசாலை ஆண்டிலும், வெள்ளைப் பிள்ளைகளோடு ஒன்றாகப் படித்த கறுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. பிரின்ஸ் எட்வேட் மாவட்டமோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. நீதிமன்றம் இனியும் தாமதிக்க இயலாதென்று கட்டளையிட்டபோது, 1959இல், மாவட்டத்தின் பொதுப் பாடசாலைகள் அனைத்தையும் அது மூடிவிட்டது. ஒரு நாளன்று, ஒரு தவணையன்று. 1964 வரை ஐந்து ஆண்டுகள். வெள்ளைப் பிள்ளைகளுக்கெனத் தனியார் கல்லூரி ஒன்று எழுந்தது. அதற்குப் பொதுப்பணமும் ஒரு காலம் வரை மானியமாகப் பாய்ந்தது. ஏறக்குறைய 1,700 கறுப்புப் பிள்ளைகள் பாடசாலையின்றி விடப்பட்டனர். சிலர் வேற்றூர் உறவினரிடம் போயினர். சிலர் தேவாலய நிலவறைகளில் எழுத்துக் கற்றனர். பலர் வயலுக்குப் போயினர். கட்டணம் செலுத்த இயலாத ஏழை வெள்ளையர் சிலரின் பிள்ளைகளும் வீட்டிலேயே இருந்தனர். இக்கடைசிச் செய்தியை நாம் அடிக்கோடிட விரும்புகிறோம். கறுப்புப் பிள்ளைக்குக் கதவடைக்கத் தன் பிள்ளையின் கல்வியையும் பலிகொடுக்க அந்த ஏழை வெள்ளையர் ஏன் இசைந்தனர்? டு பொய்ஸ் என்னும் பேரறிஞர் 1935இல் வெளியிட்ட பெருநூலில் இதற்கு விடை கண்டார். குறைந்த கூலி பெறும் வெள்ளைத் தொழிலாளிக்குத் தன் நிறமே மேலதிக ஊதியமாகக் கொடுக்கப்பட்டது என்பது அவர் கண்ட உண்மை. காசாக அதனை எந்தக் கடையிலும் மாற்ற இயலாது; ஆயினும் அதை வாங்கிக்கொண்டு அவன் அடுத்த வேளைப் பசியைப் பொறுத்தான். வேறொன்றும் ஆசிரியர்கள் அறியவேண்டும்: 1954க்கும் 1965க்கும் இடையில், தென்பகுதியிலும் அதன் எல்லை மாநிலங்களிலும் ஏறக்குறைய 38,000 கறுப்பு ஆசிரியரும் அதிபரும் வேலை இழந்தனர். பாடசாலைகள் ஒன்றிணைக்கப்பட்டபோது, மூடப்பட்டது பெரும்பாலும் கறுப்பரின் பாடசாலையே. வெளியே அனுப்பப்பட்டவர் கறுப்பு ஆசிரியரே.

உறவு என்பது புன்னகையன்று என்றோம். அப்படியாயின் அது யாது? யாரிடம் என்ன உடைமை, யார் கையில் அதிகாரம் என்பதே. 1862இல் வாஷிங்டன் நகரின் அடிமைகளை விடுவித்த சட்டம், ஒவ்வோர் அடிமைக்கும் 300 டொலர் வரை நட்டஈடு வழங்கிற்று, அடிமைக்கன்று, உடைமையாளனுக்கு! விடுதலை பெற்றவனுக்கோ, நாட்டைவிட்டே போய்விடுவதானால் 100 டொலர் வரை தருவதாகக் கூறிற்று. 1865 ஜனவரியில், தென்கரையோரக் காணிகளை நாற்பது ஏக்கர் வரையான துண்டுகளாக விடுதலை பெற்றோருக்குப் பிரித்துக் கொடுக்கும்படி படைத்தளபதி சேர்மன் கட்டளையிட்டார். ஏறக்குறைய 40,000 பேர் குடியேறி உழுதனர். அவ்வாண்டு முடியுமுன்னரே ஜனாதிபதி ஜோன்சன் காணிகளைப் பழைய உடைமையாளரிடம் திருப்பிக் கொடுத்தார்.

பின்வந்த நூற்றாண்டிலும் இதே கதைதான். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வயலிலும் பிறர் வீட்டிலும் வேலை செய்வோரை விலக்கிற்று. கறுப்புத் தொழிலாளரிற் பெரும்பாலோர் செய்தது அவ்விரு வேலைகளே. 1930களில் அரசு அலுவலர் நகரங்களின் வரைபடங்களை எடுத்து, கறுப்பர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் தீட்டினர். அங்கே வீட்டுக்கடன் ஆபத்து என்பது பொருள். போரில் இருந்து மீண்ட வீரருக்கு வீட்டுக்கடன் உத்தரவாதம் அளித்த 1944இன் சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் 1947இல் மிசிசிப்பி மாநில நகரங்களில் நடத்திய ஆய்வொன்றின்படி, அச்சட்டத்தின் கீழ் வழங்கிய 3,229 கடன்களிற் கறுப்பருக்குக் கிடைத்தவை இரண்டு. இரண்டாயிரமன்று, இரண்டு.

வீடு வெறும் கூரையன்று. அதன் விலை ஏறும். அதை ஈடுவைத்து மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம். இறக்கும்போது மகளுக்கு விட்டுச் செல்லலாம். அதுமட்டுமோ? அந்நாட்டில் உள்ளூர்ப் பாடசாலையின் பணத்திற் பெரும்பங்கு அவ்வூர் வீடு வளவுகளின் வரியிலிருந்தே வருகிறது. வீட்டின் விலை குறைந்த ஊரிற் பாடசாலையும் வறியது. இந்த ஏற்றத்தாழ்வு அரசியலமைப்புக்கு முரணன்று என 1973இல் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்த்தது. மறு ஆண்டு அதே கணக்கில், நகரின் கறுப்புப் பிள்ளைகளையும் புறநகரின் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒன்றிணைக்கும் திட்டத்தைத் தடுத்தது. பெயர்ப்பலகை கழற்றப்பட்டது, சுவர் நின்றது. குடும்பங்களை உடைமை வரிசையில் நிறுத்தி நடுவிலே நிற்பதை எடுத்தால், 2022இல் வெள்ளைக் குடும்பத்தின் நிகர உடைமை ஏறக்குறைய 285,000 டொலர். கறுப்புக் குடும்பத்தினது 45,000 டொலருக்குச் சற்றுக் குறைவு. இது அமெரிக்க மத்திய வங்கியின் கணக்கு. 2023இல் பிள்ளைப்பேற்றின் தொடர்பால் இறந்த தாய்மார், இலட்சம் பிறப்புக்குக் கறுப்பரில் 50.3, வெள்ளையரில் 14.5. கலப்பு மணத்தை ஏற்கும் 94 பேரின் நல்லெண்ணம் இந்த எண்களை எட்டவில்லை.

ஆயின் ஒன்றுமே மாறவில்லை, வெள்ளையன் என்றும் வெள்ளையனே என்று கையை விரிப்போர் வேறு சிலர். தீவிரம் போலத் தோன்றும் இச்சோம்பலையும் நாம் ஏற்கமாட்டோம். 1965இன் வாக்குரிமைச் சட்டத்துக்கு முன் மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவுபெற்ற கறுப்பர் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லை. 1967இல் ஏறக்குறைய 60 பேர். இரண்டே ஆண்டுகளில் மிசிசிப்பி வெள்ளையரின் இதயங்கள் உருகிவிட்டனவா? அடியும் சிறையும் பட்டு, உயிரும் கொடுத்து மக்கள் பெற்ற சட்டமும், அதனைச் செயற்படுத்த வந்த மத்திய அரசின் அலுவலருமே காரணம்.

பெற்றதைப் பறிக்கவும் முடியும். முதல்முறை பறித்த கதை பழையது. 1865க்குப் பின் ஏறக்குறைய 2,000 கறுப்பர் தென்மாநிலங்களிற் பதவிகள் வகித்தனர். 1877இல் மத்திய படைகள் பின்வாங்கின. லூசியானாவில் 1896இல் 130,000க்கு மேற்பட்ட கறுப்பு வாக்காளர். 1904இல் 1,342 பேர். இரண்டாம் முறைப் பறிப்பு நம் கண்முன் நிகழ்ந்தது. 2013 ஜூன் 25இல் உயர் நீதிமன்றம் 1965இன் வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பை முறித்தது. நிறவெறிக் குற்றம் புரிந்த மாநிலங்கள் தேர்தற் சட்டங்களை மாற்றுமுன் மத்திய அனுமதி பெறவேண்டும் என்பதற்கு ஆதாரமான விதி செல்லாதெனத் தீர்த்தது. நீதிபதிகளிற் பெரும்பான்மையோர் காட்டிய காரணம் யாது? தென்மாநிலங்களில் நிலைமை பெரிதும் மாறிவிட்டது என்பதே! நம் நண்பர்கள் தேநீரோடு பேசும் அதே வாதம், நீதிபதியின் மேசையில் ஆயுதமாயிற்று. தீர்ப்பு வந்த அன்றே, முன்னர் தடுக்கப்பட்டிருந்த வாக்காளர் அடையாளச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப் போவதாக டெக்சாஸ் மாநிலம் அறிவித்தது. பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைக் கருத்திற்கொள்ளும் முறையும் 2023இல் வீழ்த்தப்பட்டது. உறவு சீர்ப்படுகிறது என்னும் வாதம் தீங்கானது என்று தொடக்கத்தில் நாம் கூறியது இதனைக் கருதியே. பிணி தீர்ந்துவிட்டதெனச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தபின் மருந்தை நிறுத்துவது எளிது.

பிரின்ஸ் எட்வேட் மாவட்டத்துக்கு மீண்டும் வருவோம். 1964இல் உயர் நீதிமன்றக் கட்டளையின் பின் பாடசாலைகள் திறந்தன. பார்பரா ஜோன்ஸ் நூலகராகப் பணிபுரிந்து 1991இல் மறைந்தார். 2020 டிசம்பரில், அமெரிக்கக் காங்கிரஸ் கூடும் மாளிகையிலிருந்து அடிமை உடைமையாளரின் படைத்தளபதி லீயின் சிலை அகற்றப்பட்டது. வேர்ஜீனியாவின் பெயரால் அவ்விடத்தில் நிற்கத் தெரிவுசெய்யப்பட்டது அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் உருவம். பாடசாலை மூடப்பட்டதாற் கல்வி இழந்தோருக்கென அம்மாநிலம் 2004இற் புலமைப்பரிசில் நிதியொன்றையும் அமைத்தது. அன்று ஏழு வயதில் வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை, அப்போது ஐம்பது வயதைக் கடந்திருந்தார். விரும்பினால் அவர் படிப்பை முடிக்கலாம். கட்டணத்தை மாநிலம் செலுத்தும். எழுத்தறியாமல் வயலிலும் பட்டறையிலும் கழிந்த நாற்பது ஆண்டுகளில் அவர் இழந்த ஊதியத்துக்கும், அவ்வூதியத்தால் வாங்கியிருக்கக்கூடிய வீட்டுக்கும் அச்சட்டத்தில் ஒரு வாசகமும் இல்லை.